பழமும் மென்மையான சீஸும்: வீட்டுப் பீட்சா பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. பேரிக்காயும் புதிய மொசரெல்லா சீஸும் வைத்துப் பீட்சா செய்தேன். ஓரம் நன்றாக வந்தது, நடுப்பகுதி மட்டும் கூழாகிவிட்டது. மாவில் தவறா?

பதில்: மாவைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீர்தான் காரணம். புதிய மொசரெல்லாவின் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர். பேரிக்காயில் 80 சதவீதத்துக்கும் மேல். சூடு ஏறியதும் இரண்டும் நீர் விட்டு மாவின்மேல் தேங்கும். ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதனால் மாவு அவியுமே தவிர மொறுமொறுப்பாகாது.

சீஸைக் கையால் பிய்த்து, வடிகட்டியில் பரப்பி, குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். நான் முதல்நாள் இரவே வடியவிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் அடிக்கிண்ணத்தில் பால் நிறத்தில் தேங்கியிருக்கும் நீரைப் பார்த்தால், அவ்வளவும் மாவுக்குள் இறங்கியிருக்குமே என்று தோன்றும். பேரிக்காயை 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக நறுக்காதீர்கள். வில்லையை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரிய வேண்டும். துணியில் ஒற்றி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்குங்கள். கைநிறைய அள்ளிப் போடும் ஆசைதான் பழப் பீட்சாவைக் கெடுக்கிறது.

கேள்வி: மாவுக்கு அளவு சொல்லுங்கள்.

பதில்: மாவு 500 கிராம், தண்ணீர் 325 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். பிசைந்து 24 மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நான்கு உருண்டைகள் வரும். தட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சமைக்காத அன்னாசியை ரிக்கோட்டாவுடன் கலந்து அரை மணி நேரம் வைத்திருந்தேன். நீர்த்துப்போய்க் கசந்தது. சீஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும். அந்தத் துண்டுகளில் சிலதான் கசப்பைத் தருகின்றன. பச்சைப் பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும் என்பதால், அன்னாசியைச் சூடான வாணலியில் நீர் வற்றும்வரை வதக்கி, ஆறவிட்டுச் சேருங்கள். டப்பா அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது, அதில் இந்தத் தொல்லை இல்லை. 1962இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சாம் பனோபுலோஸ் அன்னாசிப் பீட்சா செய்தபோது போட்டதும் டப்பா அன்னாசிதான்.

கேள்வி: ரிக்கோட்டா ஏன் உருகுவதே இல்லை?

பதில்: அது சூட்டாலும் அமிலத்தாலும் திரண்ட புரதம். மறுபடி சூடாக்கினால் இளகாது, உலரும். இரண்டு தேக்கரண்டி கிரீம் சேர்த்துக் குழைத்து, சிறு சிறு குவியலாக வையுங்கள். உருகி வழிய வேண்டுமென்றால் பிரீ சீஸ் போடுங்கள். அதன் வெள்ளைத் தோலையும் சாப்பிடலாம்.

கேள்வி: மனைவி கருவுற்றிருக்கிறார். பிரீ போட்ட பீட்சா கொடுக்கலாமா?

பதில்: பூஞ்சைத் தோலுள்ள மென்மையான சீஸில் லிஸ்டீரியா கிருமி வளர வாய்ப்புண்டு. சீஸ் முழுவதும் ஆவி பறக்கச் சூடாகியிருந்தால் மட்டுமே கொடுக்கலாம். வெந்தபின் மேலே வைக்கும் பிரீ வேண்டவே வேண்டாம். பாஸ்டரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) பாலில் தயாரித்த மொசரெல்லா போதும், அவருக்கும் கவலையில்லாமல் இருக்கும். ஐயமிருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் ஓவன் 220 டிகிரிக்கு மேல் போகாது. விட்டுவிடட்டுமா?

பதில்: விடாதீர்கள். கனமான இரும்பு வாணலியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, தட்டிய மாவை அதில் போடுங்கள். அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் சீஸையும் பழத்தையும் வைத்து, வாணலியோடு ஓவனின் மேல்தட்டுக்கு மாற்றி, மேலிருந்து வரும் கிரில் சூட்டில் சில நிமிடங்கள் விடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: அத்திப்பழத்தோடு தேன் ஊற்றி வேகவைத்தேன், கருகிவிட்டது.

பதில்: தேனில் உள்ள சர்க்கரை வெகு சீக்கிரம் கருகும். பீட்சா வெளியே வந்தபிறகு ஊற்றுங்கள். அத்தியை நான்காகக் கீறி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள், விளிம்பு மட்டும் லேசாகச் சுருளும். அதன் பக்கத்தில் ஆட்டுப்பால் சீஸ், மேலே கரகரப்பாக இடித்த மிளகு, கடைசியாக ஒரு தேக்கரண்டி தேன். சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.