தூதர் விடைபெறும் நாளில் என்ன செய்யலாம்? அமெரிக்கக் கண்டச் சட்ட ஒத்துழைப்பு: கேள்வி பதில்

கே (சட்ட மாணவி): ஓ.ஏ.எஸ். எனப்படும் அமெரிக்க நாடுகள் அமைப்பில் ஒரு நாட்டின் தூதராக இருக்கும் நிரந்தரப் பிரதிநிதி, பணி முடிந்ததும் பொதுச் செயலாளரைப் போய்ப் பார்ப்பது வெறும் சம்பிரதாயமா?

ப: பெரும்பாலும் ஆம், கொஞ்ச நேரப் பேச்சு, ஒரு புகைப்படம். ஆனால் விவரம் தெரிந்த தூதரகம் அதிலும் ஒரு வேலையை முடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கண்ட உடன்பாடுகளின் ஏற்புறுதி ஆவணங்கள் (உடன்பாட்டை ஏற்கிறோம் என்று ஒரு நாடு தரும் ஆவணங்கள்) வாஷிங்டனில் உள்ள பொதுச் செயலகத்திடம்தான் ஒப்படைக்கப்படுகின்றன. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகும் அலமாரியில் தூங்கும் ஆவணத்தை அன்றே கொடுத்துவிடலாம். உரிமையியல் வழக்குகளில் நீதிமன்றக் கோரிக்கைகளை அனுப்புவதற்கான 1975 பனாமா உடன்பாடானாலும், குற்ற வழக்குகளில் பரஸ்பர உதவிக்கான 1992 நசாவ் உடன்பாடானாலும், பின்னால் சேரும் நாட்டுக்கு ஒப்படைத்த 30ஆம் நாளில்தான் அமலாகும். எழுத்துப் பிழையோடு போய் நிற்காமல் இருக்க, நகலை முன்கூட்டியே செயலகச் சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள். கோரிக்கைகளை அனுப்பவும் பெறவும் நாடு நியமிக்கும் மத்திய அதிகார அமைப்பு உங்களுக்கு எது என்றும் எழுதிக் கொடுங்கள். அது விடுபட்டால், பிற நாடுகள் கோரிக்கையை யாருக்கு அனுப்பும்?

கே (வழக்கறிஞர்): வழக்கு ஃப்ளோரிடாவில், பிரதிவாதி பெரு நாட்டில். அழைப்பாணையை அவரிடம் எப்படிச் சார்பு செய்வது (சட்டப்படி கொண்டு சேர்ப்பது)?

ப: பனாமா உடன்பாட்டின் 1979 மான்டிவிடியோ கூடுதல் நெறிமுறைப்படி. ஏ, பி, சி என மூன்று படிவங்கள், மொத்தம் மூன்று தொகுப்புகள். வழக்குரையை ஸ்பானிய மொழியில் பெயர்க்க வேண்டும். இணைப்புகளைப் பெயர்க்கத் தேவையில்லை. ஒரு தொகுப்பு பிரதிவாதிக்கு, ஒன்று பெருவிலேயே இருக்கும், மூலப்பிரதி, கோரிக்கை நிறைவேறியதா என்று சொல்லும் சி படிவச் சான்றோடு திரும்பும். மத்திய அமைப்புகள் வழியாகப் போவதால் தனிச் சான்றொப்பம் வேண்டாம். நீதிமன்ற முத்திரை, அனுப்பும் மத்திய அமைப்பின் முத்திரை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கட்டு திரும்பி வரும்.

கே (அதே வழக்கறிஞர்): அதிலேயே சாட்சியமும் கேட்கலாமா?

ப: கூடாது. சாட்சியம் பெறும் பகுதியை விலக்கிவிட்டுத்தான் அமெரிக்க ஐக்கிய நாடு சேர்ந்தது. சொத்தை முடக்குவது போன்ற கட்டாய நடவடிக்கைகளும் இந்த உடன்பாட்டில் அடங்காது.

கே: குற்ற வழக்கென்றால்?

ப: நசாவ் உடன்பாடு. கோரிக்கையில் குற்றத்தின் விவரம், நிகழ்வுச் சுருக்கம், என்ன உதவி வேண்டும், தொடர்புடைய சட்ட வாசகம் எல்லாம் இருக்கட்டும். பொதுவாக இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சோதனை, பறிமுதல் என்று கேட்டால் அந்தக் காரணத்துக்காக மறுக்கலாம். அரசியல் குற்றம், ஏற்கெனவே தீர்ப்பான வழக்கு என்றாலும் மறுப்பு வரலாம். ஆளை ஒப்படைக்கச் சொல்லி இதில் எழுதாதீர்கள், அது வேறு உடன்பாடு.

கே: இந்த உடன்பாடுகளில் இந்தியா சேர முடியுமா?

ப: இந்தியா ஓ.ஏ.எஸ்.ஸில் நிரந்தரப் பார்வையாளர் மட்டுமே. ஆனால் பனாமா உடன்பாடு அமைப்பில் உறுப்பினராக இல்லாத நாடுகளுக்கும் திறந்தது. ஸ்பெயின் அப்படித்தான் சேர்ந்தது. இந்தியா, வெளிநாட்டில் நீதிமன்ற ஆவணங்களைச் சார்பு செய்வதற்கான ஹேக் உடன்பாட்டு வழியைப் பயன்படுத்துகிறது.

கே (தூதரக ஊழியர்): தூதர் போய்ப் புதியவர் வரும்வரை கோரிக்கைகள் நிற்குமா?

ப: மத்திய அமைப்புகளிடம் உள்ளவை நிற்காது. தூதரகக் கடிதம் மூலம் போனவைதான் கவலை. இருதரப்புத் தூதரகத்தில், தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்பாட்டின் 19ஆவது பிரிவுப்படி, இடைக்காலப் பொறுப்பாளர் பெயரைத் தூதரே கிளம்பும் முன் தெரிவிக்க வேண்டும். அவரால் இயலாவிட்டால் அவரது வெளியுறவு அமைச்சகம் தெரிவிக்கும். இடைக்காலப் பொறுப்பாளர் கையில் நிலுவைப் பட்டியல் ஒன்று கொடுங்கள்: கடித எண், அனுப்பிய தேதி, எதிர்த்தரப்பில் கோப்பு இருக்கும் பிரிவு, வழக்கின் அடுத்த வாய்தா.