தர்க்கப் புதிர்களால் மாணவர்களை வகுப்போடு ஒன்றச் செய்ய முடியுமா?

ஒன்பதாம் வகுப்பில் கணிதம் என்றாலே ஒதுங்கும் பிள்ளைகளைத் தர்க்கப் புதிர்கள் ஈர்க்குமா, பாடவேளைதான் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையில், ஈர்க்கும் என்றே சொல்வேன். ஆனால் பிள்ளைகள் பாடத்தில் எங்கே வழக்கமாகத் தடுமாறுகிறார்களோ, அந்த இடத்தைப் புதிர் தொட வேண்டும். இல்லையென்றால் அன்றைய கலகலப்போடு சரி.

ஆண்டுதோறும் நான் கொடுக்கும் புதிர், உளவியலாளர் பீட்டர் வாசன் 1966-இல் முன்வைத்த நான்கு அட்டைச் சோதனையின் தமிழ் வடிவம். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேசைமேல் தெரிபவை அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்ற விதி சரியா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்பினால் போதும்? பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. உயிர்மெய்யைப் பற்றி விதி எதுவுமே சொல்லாததால், 4-க்குப் பின்னால் க இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்துவிட்டால் உடைந்துவிடும்.

இவ்வளவு விளக்கியும் பலர் முகம் தெளியாது. உடனே அதே புதிரைத் தெருவுக்குக் கொண்டுவருவேன். கியர் வண்டி ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வண்டி ஓட்டி வருபவர், நடந்து வருபவர், 20 வயதுக்காரர், 15 வயதுக்காரர் ஆகிய நால்வரில் காவலர் யாரைச் சோதிக்க வேண்டும்? ‘வண்டி ஓட்டி வருபவரையும் 15 வயதுக்காரரையும்’ என்று கடைசிப் பெஞ்சிலிருந்தும் சரியான விடை வந்துவிடும். 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் கல்லூரி மாணவர்களிடம் மது அருந்தும் வயதை வைத்து இதையே கேட்டபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள்.

இந்தப் புதிரை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், தேற்றத்தையும் அதன் மறுதலையையும் (அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வதையும்) ஒன்றாக எண்ணிக் குழம்பும் வழக்கம்தான். ‘சதுரமானால் மூலைவிட்டங்கள் சமம்’ என்று படித்த பிள்ளை, மூலைவிட்டங்கள் சமமாக இருப்பதைக் கண்டதும் சதுரம் என்று எழுதிவிடும். ஒருமுறை, செவ்வகத்திலும் மூலைவிட்டங்கள் சமம்தான் என்று காட்ட நான் பலகையில் செவ்வகம் ஒன்றை வரைந்து முடிப்பதற்குள், வழக்கமாக வாய் திறக்காத மாணவி ஒருத்தி, “சார், இது அந்த 4 போட்ட அட்டை மாதிரிதானே?” என்றாள். எனக்கு அன்று வேறெதுவும் தேவைப்படவில்லை.

தொடக்கத்தில் முதலில் விடை சொல்பவருக்குப் பேனா பரிசளித்து வந்தேன். அது பெரிய தவறு. அதே நான்கு பேர் கத்த, மற்றவர்கள் யோசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. விடையோடு அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும். அதன்பிறகே பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கலாம். மதிப்பெண் கிடையாது. வாரம் ஒரு நாள் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் பாடம் பின்தங்காது. அட்டைகளைப் பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள். சொல்லிப் புரியாத பிள்ளைகள், 4-இன் பின்னால் தாங்களே க என்று எழுதித் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புரிந்துகொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.