மேற்கோள் குறியைத் தொடாதீர்கள்: கேள்வி-பதில்

கே: சி.எஸ்.வி. ஃபைலை (மதிப்புகளைக் கமாவால் பிரித்து எழுதிய ஃபைல்) மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏற்ற லோட் டேட்டா கட்டளை கொடுத்தால், பெயர்கள் மேற்கோள் குறியோடே டேபிளில் ஏறுகின்றன.

ப: மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி இருக்கலாம் என்று சொல்லும் 'ஆப்ஷனலி என்க்ளோஸ்டு பை' விட்டுப்போயிருக்கிறது. சேருங்கள்.

கே: 32" டி.வி. என்ற பொருள் வந்தாலே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் குழம்புகிறது.

ப: அந்த அங்குலக் குறியை மேற்கோளின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த குறி கிடைக்கும்வரை வரிவரியாக விழுங்கும். பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஃபைல் தருபவரிடம் "32"" டி.வி." என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியே ஒரு ஜோடி, உள்ளே இருப்பது இரட்டிப்பு.

கே: தொல்லை வேண்டாமென்று நோட்பேடில் மேற்கோள் குறிகளை மொத்தமாக நீக்கிவிட்டேன். இப்போது பின்கோடு இடத்தில் ஊர் பெயர் வருகிறது.

ப: இதைச் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? உங்கள் வரி இப்படி இருந்திருக்கும்:

104,"12/3, காமராஜர் தெரு",மதுரை,625001

நான்கு ஃபீல்டு: எண், முகவரி, ஊர், பின்கோடு. குறியை எடுத்ததும் ஐந்து. முகவரியில் 12/3 மட்டும் நிற்கும், தெரு ஊராகும், மதுரை பின்கோடாகும். உங்கள் கணினியிலிருந்தே ஃபைலை ஏற்றும் லோட் டேட்டா லோக்கல் என்றால் மிஞ்சிய 625001-ஐ வெட்டிவிட்டு வெறும் எச்சரிக்கையோடு முடித்துவிடும். அதை யார் படிக்கிறார்கள்? நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் சுமார் 40,000 முகவரிகளை இப்படித்தான் ஒருவர் 'சுத்தம்' செய்தார், அதுவும் மூல ஃபைலின் மேலேயே சேமித்து. எந்தக் கமா முகவரியுடையது, எது பிரிப்பான் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து கையால் திருத்தினோம். மேற்கோள் குறி குப்பை இல்லை, அதுவும் தரவுதான். மூல ஃபைலைத் தொடாதீர்கள். நகல் எடுத்து, எல்லா ஃபீல்டும் டெக்ஸ்டாக உள்ள தற்காலிக டேபிளில் ஏற்றி, வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் உரிய டேபிளுக்கு மாற்றுங்கள்.

கே: எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் ஃபைலை ஏற்றும் பல்க் இன்சர்ட் கட்டளை மேற்கோளை மதிப்பதில்லை.

ப: எந்தப் பதிப்பு என்று எழுதாமல் கேட்டால் எப்படி? 2017 முதல் ஃபார்மட் சி.எஸ்.வி. என்று கொடுக்கலாம். அதற்கு முந்தையது என்றால், தரவில் வராத ஒரு பிரிப்பானோடு ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

கே: போஸ்ட்கிரெஸில் சில காலி இடங்கள் நல் (மதிப்பே இல்லை என்பதற்கான அடையாளம்) ஆகின்றன, சில ஆவதில்லை.

ப: குறியில்லாத காலி நல். "" என்பது வெற்று எழுத்து. இரண்டும் நல் ஆக வேண்டுமானால் ஃபோர்ஸ் நல் என்ற விருப்பத்தைக் கொடுங்கள்.

கே: மேற்கோளுக்குள் இருந்தும் கணக்கு எண்ணின் முன்சுழி (தொடக்கத்தில் வரும் 0) போய்விட்டது.

ப: நடுவில் எக்செல்லில் திறந்து சேமித்திருப்பீர்கள். அது குறியைப் பார்க்காது, எண் என்றால் எண்தான். 16 இலக்க எண் இருந்தால் கடைசி இலக்கமும் 0 ஆகியிருக்கும், பாருங்கள். மறுபடி சொல்கிறேன், மூல ஃபைலைத் தொடாதீர்கள். அதிலிருந்தே நேராக ஏற்றுங்கள்.