ஏழாம் வகுப்புப் பையனுக்கு இப்போதே ஒரே விளையாட்டா?

வணக்கம் சார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையனைப் பள்ளியிலிருந்து எடுத்து, மற்ற விளையாட்டுகளை நிறுத்தி, அகாடமியில் பேட்மிண்டன் மட்டும் ஆடவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்க வேண்டாம். பேட்மிண்டன் தொடரட்டும், ஆனால் அதற்காக அவன் பள்ளியில் ஓடும் 400 மீட்டரையும் தெருவில் ஆடும் கிரிக்கெட்டையும் நிறுத்த வேண்டாம். "இப்பவே முடிவு பண்ணலைன்னா லேட் ஆயிடும்" என்று அகாடமி கோச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதில் பேட்மிண்டனில் எதுவும் லேட் ஆகிவிடாது. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் வேறு கதை, அதில் ஐந்தாறு வயதிலேயே இறங்கிவிடுவார்கள்.

கோச் போட்டுக்கொடுத்த அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டரை, வாரம் ஆறு நாள், ஆக 27 மணி நேரம். பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரத்தில் பயிற்சி வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய வரம்பு. உங்கள் பையனுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2016 அறிக்கை, பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் ஒவ்வொரு மாதமாகப் பிரித்து மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு என்றும் சொல்கிறது. மூன்று மாதம் லீவு கேட்டால் அகாடமியில் சிரிப்பார்கள், தெரியும். வாரம் இன்னொரு நாள் கூடுதல் ஓய்வும், மே மாதம் பேட்மிண்டனுக்குப் பதில் நீச்சலும் என்றாவது பேசிப் பாருங்கள்.

"பி.வி. சிந்து எட்டு வயதிலேயே ராக்கெட் எடுத்தாரே" என்று கேட்பீர்கள். எடுத்தார், சரிதான். அப்பா, அம்மா இருவருமே வாலிபால் ஆடியவர்கள், வீடே விளையாட்டு வீடு. சீக்கிரம் தொடங்குவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை, மற்றதையெல்லாம் சீக்கிரம் மூடுவதில்தான் ஆட்சேபம். ஆர்னே கூலிக் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் கூட்டாளிகளும் உலகத்தர வீரர்களையும் தேசிய அளவோடு நின்றுவிட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உலகத்தரத்துக்குப் போனவர்கள் சிறுவயதில் வேறு விளையாட்டுகளை அதிகம் ஆடியிருந்தார்கள், தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் முன்னேறியிருந்தார்கள். ஜூனியர் மட்டத்தில் முன்னால் நின்றவர்களிடம் இது அப்படியே தலைகீழ். அண்டர்-13 கோப்பை காட்டினால்தான் அடுத்த பேட்ச் சேரும் என்ற நிலையில் இருக்கும் கோச்சுக்கு எது வசதி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது.

நம் ஊரில் ஒரு பிள்ளை எந்த விளையாட்டில் போய் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானமும் பி.டி. மாஸ்டரும்தான் தீர்மானிக்கிறார்கள். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர், உயரம் தாண்டச் சொன்னது உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். கிரிக்கெட் வீரர் அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர், சுழற்பந்து அப்புறம் வந்தது. நீரஜ் சோப்ராவை மைதானத்துக்கு அனுப்பியதே உடம்பைக் குறைக்கத்தான், ஈட்டி அங்கே போன பிறகு கண்ணில் பட்டது. பன்னிரண்டு வயதில் இவர்களை ஒரு கட்டத்துக்குள் அடைத்திருந்தால் எந்தக் கட்டத்தில் அடைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, நீங்கள் நேரடியாகக் கேட்காமல் சுற்றி வந்த விஷயம் விளையாட்டுக் கோட்டா. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கலந்தாய்விலும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பல வீடுகளில் பிள்ளையை அவசரப்படுத்துவது இந்தக் கணக்குதான். ஆனால் அங்கே எடைபோடுவது மேல் வகுப்புகளில் மாநில, தேசிய அளவில் ஆடிய அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்களை. தனியார் அகாடமி நடத்தும் டோர்னமென்ட் கோப்பை ஷோகேஸுக்குத்தான் ஆகும். பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவாக நடக்கின்றன, பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவட்டத்தில் தொடங்கி வருவாய் மாவட்டம் தாண்டி மாநிலத்துக்குப் போகவேண்டும். பையனுக்கு முன்னால் முழுதாக இரண்டு பிரிவுகள் பாக்கி. பள்ளியை விட்டுவிட்டால் அந்த ஏணியே கையைவிட்டுப் போகும். வகுப்புக்குப் போகாமல் படித்துத் தேர்வு எழுதும் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரவும் 14 வயது நிரம்ப வேண்டும், அதனால் அந்தப் பேச்சை இப்போது எடுக்கவே தேவையில்லை.

முழங்கால் வலி என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அவனை உட்காரவைத்து முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, எலும்பு மேடாக இருக்கும் இடத்தை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அங்கே வலியில் துள்ளினால், மாடிப்படி இறங்கும்போதும் குந்தி எழும்போதும் வலித்தால், வளரும் வயதில் தசைநார் எலும்பை இழுப்பதால் வரும் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆடவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்துவையுங்கள், சட்டென்று வளர்கிற சமயத்தில் குதிப்பையும் ஸ்மாஷையும் குறைக்கச் சொல்லிக் கேட்க அது ஆதாரமாக இருக்கும்.

பதினாலு, பதினைந்து வயதில், அதாவது ஒன்பதாம் வகுப்பு வாக்கில், மறுபடி உட்கார்ந்து பேசலாம். அதற்குள் மாவட்ட அளவில் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும். நீங்கள் எழுப்பாமல் தானாகக் காலையில் எழுந்து கிளம்புகிறானா என்பதும் தெரிந்துவிடும், இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இப்போதைக்குக் கோச்சிடம் போய், மாலைப் பயிற்சி மட்டும், வாரம் ஐந்து நாள் என்று கேளுங்கள். போன மூன்று வருடத்தில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்றும் கேளுங்கள், ஜெயித்தவர்களின் படத்தைக் காட்டினால் மற்றவர்களைப் பற்றியும் கேளுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள் அல்லவா, அதைக் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.