பணம் போட்டவன் நான், ஆல்பம் யாருடையது?

கேள்வி:

சோதனை இசைக்கென்றே ஒரு சின்ன லேபிள் நடத்துகிறேன். நாய்ஸ் (இரைச்சலே இசையாக), டிரோன் (நீண்டு ஒலிக்கும் ஒரே ஓசை), ஃபீல்டு ரெக்கார்டிங் (வெளியிடங்களில் பதிந்த ஒலிகள்) என்று பெரிய கம்பெனிகள் தொடாத இசைதான் வெளியிடுவது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கலைஞர், தன் அறையிலேயே பதிவு செய்து முடித்த ஆல்பத்தை அனுப்பினார். எங்களுக்குள் ஒப்பந்தம் கிடையாது. "செலவு எடுத்ததும் பாதிப் பாதி, சரியா? கேசட், டிஜிட்டல் ரெண்டும்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டேன். "சரி, போட்டுடலாம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலை), 200 கேசட், அட்டை அச்சு எல்லாம் என் செலவு. அட்டைப் படம் என் தோழி வரைந்து கொடுத்தது.

இப்போது அவரை வேறொரு பெரிய லேபிள் கூப்பிட்டிருக்கிறது. ஆல்பத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்கிறார், மாஸ்டரிங் முடிந்த மூலக் கோப்புகளையும் (மாஸ்டர் கோப்புகள்) கேட்கிறார். நான் தயங்கியதும், ஆல்பத்தை விற்கும் இணையதளத்துக்கே பதிப்புரிமைப் புகார் அனுப்பிவிட்டார். அவர்கள் ஆல்பத்தை முடக்கிவிட்டார்கள். இதற்கு நடுவில், 19 நிமிட டிராக் ஒன்றில் அவரோடு சேர்ந்து வாசித்தவர் தனக்குப் பங்கே வரவில்லை என்று எழுதுகிறார். அதே டிராக்கில் ஏதோ பழைய வானொலி ஒலிபரப்பிலிருந்து நாலைந்து விநாடி வருகிறது. 80 கேசட் விற்காமல் கிடக்கிறது. பணம் போட்டவன் நான்; ஆல்பம் என்னுடையது இல்லையா? புகாரை எதிர்த்து மனு கொடுக்கலாமா?

பதில்:

எதிர்மனுவை இப்போது அனுப்பாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்பதால் சொல்லவில்லை, நியாயம் ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்த 19 நிமிட டிராக்கை உள்ளே வைத்துக்கொண்டு அந்த மனுவில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் பெரிய கேள்வி. ஆல்பம் உங்களுடையது இல்லை. வாடகை வீட்டுக்குச் சொந்தச் செலவில் வெள்ளையடித்தவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவதில்லை. ஓர் ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் யார் என்று பார்க்கும்போது, பெரும்பாலான நாடுகளின் சட்டம் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒலிகளை முதன்முதலில் பதிவாக்கும் முயற்சியையும் பொறுப்பையும் எடுத்தவர் யார்? இசைப் பதிவுகளின் உரிமை பற்றிய 1961-ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையும், அதற்குப் பிறகு வந்த 1996-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையும் (WPPT) இந்த வழியில்தான் தயாரிப்பாளரை அடையாளம் காட்டுகின்றன. உங்கள் விஷயத்தில் மைக் வைத்தது, பதிந்தது, வெட்டி ஒட்டி முடித்தது எல்லாமே அவர். உங்கள் கைக்கு வந்தது முடிந்த ஆல்பம். ஸ்டுடியோவுக்கு வாடகை கட்டி, ஆளை வரவழைத்து, நீங்களே பதிவு செய்யச் சொல்லியிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

உங்கள் வகை இசை போடுகிறவர்கள் அடிக்கடி பயப்படும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெறும் இரைச்சலுக்கு, மழைச் சத்தத்துக்கு, மின்மாற்றியின் ரீங்காரத்துக்கு என்ன பதிப்புரிமை என்று கேட்பார்கள். ரோம் உடன்படிக்கையே "நிகழ்த்தலின் ஒலிகள் அல்லது பிற ஒலிகள்" என்றுதான் சொல்கிறது. மெட்டு இருக்கிறதா, தாளம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. மழையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்த மழையை அவர் பதிந்த பதிவு அவருடையது.

மாஸ்டரிங்குக்கு நீங்கள் பணம் கொடுத்தது இந்த நிலையை மாற்றாது. அமெரிக்காவில் 2018-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய பதிவை ரீமாஸ்டர் செய்வதால் மட்டும் பொதுவாகப் புதிய பதிப்புரிமை பிறந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த மாஸ்டரிங் வேலை உங்கள் பணத்தில் நடந்தது. அந்தக் கோப்புகளைச் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டும் என்ற கடமை அந்த மின்னஞ்சலில் எங்கும் இல்லை. பேச்சுவார்த்தையில் இது உங்களுக்குக் கைகொடுக்கும். அட்டைப் படமும் அப்படித்தான். அதன் உரிமை பொதுவாக உங்கள் தோழிக்கு, அவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. புது லேபிள் அதே அட்டையோடு வெளியிட நினைத்தால் அவரிடம் கேட்டாக வேண்டும்.

சரி, அந்த இரண்டு வரி மின்னஞ்சலில் உங்களுக்கு என்னதான் கிடைத்தது? ஓர் அனுமதி கிடைத்தது. கேசட்டாகவும் டிஜிட்டலாகவும் வெளியிடலாம், செலவு போக வருவதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற அனுமதி. உங்களுக்கு மட்டும்தான் என்று அதில் இல்லை. எத்தனை ஆண்டு என்றும் இல்லை. உரிமையை முழுதாக எழுதிக் கொடுப்பதோ, ஒருவருக்கு மட்டும் என்று கொடுப்பதோ எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. மின்னஞ்சலையே எழுத்தாக ஏற்கும் நீதிமன்றங்கள் உண்டு. ஆனால் "சரி, போட்டுடலாம்" என்ற சொற்களில் உரிமை மாற்றம் என்று படிக்க எதுவுமே இல்லை. ஆகவே அவர் இன்னொரு லேபிளுக்கு அதே ஆல்பத்தைக் கொடுப்பதை உங்களால் தடுக்க முடியாது.

அப்படியென்றால் கொடுத்த அனுமதியை அவர் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பப் பெறலாமா? இங்கேதான் உங்கள் பக்கம் வலுவாகிறது. அனுமதியை நம்பி நீங்கள் செலவு செய்திருக்கிறீர்கள், அவரும் பங்கு வாங்கியிருக்கிறார். கைமாறு பெற்றுக்கொண்டு கொடுத்த அனுமதியை இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல சொல்லியிருக்கின்றன. வேறு இடங்களில் ரத்து செய்யலாம், ஆனால் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று வாதாட இடம் உண்டு. எது பொருந்தும் என்பது நீங்கள் இருவரும் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு புள்ளிக்கு மட்டும் உள்ளூர் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

இனி எதிர்மனு. பல இசைத் தளங்கள் அமெரிக்கச் சட்டத்தின் புகார் முறையைப் பின்பற்றுகின்றன. அதில் எதிர்மனு கொடுப்பவர், தவறுதலாகத்தான் முடக்கப்பட்டது என்று நம்புவதாகச் பொய்யென்றால் தண்டனை உண்டு என்ற பொறுப்போடு எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் ஆல்பம் திரும்ப வரும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த ஆல்பத்தில் யாருடையது என்றே தெரியாத ஒரு வானொலித் துண்டு இருக்கிறது, பங்கு கேட்டு எழுதிய இன்னொரு வாசிப்பாளரும் இருக்கிறார். இரண்டும் உங்களுக்குத் தெரிந்த பிறகு அப்படி எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளே நாளைக்கு உங்களுக்கு எதிராக நிற்கும்.

வானொலித் துண்டை "வெறும் நாலு விநாடிதானே" என்று விட்டுவிடாதீர்கள். கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஏறக்குறைய இரண்டு விநாடித் தாளத்தை எடுத்து 1997-இல் ஒரு பாட்டில் சுற்றவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த அந்த வழக்கில், எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் காதுக்கு அடையாளம் தெரிந்தால் தயாரிப்பாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் சொன்னது. அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றியிருந்தால் வேறு கதை. உங்கள் கலைஞர் அந்தத் துண்டை எந்த அளவுக்குச் சிதைத்திருக்கிறார் என்று ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அமெரிக்காவிலோ இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எதிரெதிராக நிற்கின்றன: 2005-இல் ஒன்று, உரிமம் வாங்கு, இல்லையேல் சாம்பிள் (வேறொரு பதிவின் துண்டு) எடுக்காதே என்றது, 2016-இல் மற்றொன்று, அற்பமான அளவு எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்றது. எப்படியிருந்தாலும், "கலைஞர் கொடுத்தார், நான் போட்டேன்" என்பது லேபிளைக் காப்பாற்றாது. பிரதி எடுத்து விற்றவர் நீங்கள். அதனால்தான் சொல்கிறேன், ஆல்பம் முடங்கியிருப்பது இந்த நேரத்தில் உங்களுக்குப் பாதுகாப்பும்கூட.

கூட வாசித்தவர் விஷயத்தில் அவர் சொல்வது சரி என்றே படுகிறது. முன்கூட்டி எழுதாமல் இருவரும் சேர்ந்து உருவாக்கிய இசை என்றால், அந்த நிமிடத்தில் அவர் வாசிப்பாளர் மட்டுமில்லை, இசையமைப்பாளரும்தான். அதாவது இரண்டு உரிமை. நிகழ்த்துநர் என்ற முறையில், தன் வாசிப்பைப் பதிந்து வெளியிட அவர் சம்மதம் வேண்டும். பெயரும் போடப்பட வேண்டும். இசைக்கு இணை ஆசிரியர் என்ற முறையில், இங்கிலாந்து போன்ற இடங்களில் கூட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சம்மதித்தால்தான் உரிமம் செல்லும். அமெரிக்காவில் ஒருவரே அனுமதி கொடுக்கலாம், ஆனால் மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கணக்கு முதலில் அந்தக் கலைஞருக்கும் வாசிப்பாளருக்கும் இடையில் இருப்பது. நீங்கள் செய்ய வேண்டியது, இதுவரை அந்த டிராக்குக்கு வந்த வருமானத்தைத் தனியே எடுத்து நிறுத்திவைத்து, இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் தகவல் சொல்வது.

80 கேசட் பற்றிக் கவலை வேண்டாம். அனுமதி இருந்த காலத்தில் அவர் சம்மதத்தோடு அடித்த பிரதிகள் அவை. டிஜிட்டலில் ஒவ்வொரு தரவிறக்கமும் ஒரு புதிய பிரதி, கேசட் அப்படியில்லை. அவற்றை விற்றுத் தீர்க்க அவகாசம் கேட்பது நியாயம், இந்தத் துறையில் வழக்கமும்கூட. சாம்பிள் சிக்கல் தெளியும்வரை மட்டும் விற்பனையை நிறுத்திவையுங்கள்.

இந்த வழக்கில் உண்மையான சண்டை வரப்போகும் இடம் வேறு: "செலவு எடுத்ததும் பாதி" என்றீர்களே, எந்தச் செலவு? வாங்குபவர் கொடுத்தது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அது போனபின் வருவதுதான் உங்கள் வரவு. அதிலிருந்து மாஸ்டரிங், கேசட், அட்டை அச்சு கழிப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், ரசீது இருந்தால். தபால் செலவு? வாங்குபவரே கட்டியிருந்தால் அதைச் செலவில் காட்டக் கூடாது. விமர்சகர்களுக்கு இலவசமாக அனுப்பிய கேசட்டுகள்? அடித்த செலவு கணக்கில் வரும், விற்பனையாக வராது. எத்தனை பிரதி, யாருக்கு என்று பட்டியல் வேண்டும். கேசட்டில் போட்ட செலவை டிஜிட்டல் வருமானத்திலிருந்து எடுக்கலாமா? உங்கள் மின்னஞ்சலில் இரண்டையும் ஒரே வரியில் சொல்லியிருப்பதால் எடுக்கலாம் என்றே நான் வாதாடுவேன். உங்கள் நேரம், இணைப்புக் கட்டணம், கணினி இதையெல்லாம் தயவுசெய்து சேர்க்காதீர்கள். வெளியாளுக்குக் கொடுத்து ரசீது வாங்கிய செலவு மட்டும் என்று நின்றால் உங்கள் கணக்கை யாரும் அசைக்க முடியாது. மூன்று வருடத்தில் ஒரு முறையாவது அவருக்குக் கணக்கு அனுப்பினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பவில்லையென்றால் அவர் கோபத்தில் பாதி அதுவாக இருக்கலாம். முதல் வேலையாக அதை அனுப்புங்கள்.

கணக்கோடு சேர்த்து ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி மிரட்டல் வேண்டாம், உங்கள் மொழியிலேயே இப்படி எழுதலாம்: "ஆல்பத்தின் உரிமை உங்களுடையது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. டிஜிட்டல் வெளியீட்டை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதுவரையான கணக்கு இணைப்பில். மீளாத செலவு இவ்வளவு. இதை நீங்களோ புது லேபிளோ கொடுத்தால் மாஸ்டர் கோப்புகளை ஒப்படைக்கிறேன். மீதிக் கேசட்டுகளை ஓராண்டுக்குள் விற்று, வழக்கம்போல் பாதிப் பங்கு தருகிறேன். வானொலித் துண்டை எங்கிருந்து எடுத்தீர்கள், டிராக்கில் வாசித்தவரோடு என்ன பேச்சு என்பதை எழுதி அனுப்புங்கள். இதை ஏற்றால் இருவரும் ஒருவர் மீது ஒருவர் வேறு உரிமை கோருவதில்லை." அவர் ஏற்க நல்ல காரணம் இருக்கிறது: புது லேபிளும் சாம்பிள் பற்றி இதே கேள்வியைக் கேட்கும், பழைய லேபிளோடு தகராறு உள்ள ஆல்பத்தை வெளியிடத் தயங்கும்.

இனி வரும் ஆல்பங்களுக்கு ஒரு பக்கத் தாள் போதும். உரிமையைக் கலைஞரிடமே விட்டுவிட்டு, காலக்கெடுவுள்ள தனி உரிமம் (உங்களுக்கு மட்டும் என்ற அனுமதி) வாங்குங்கள். உங்களைப் போன்ற லேபிளுக்கு அதுதான் சரி என்று மனதார நம்புகிறேன். குறைந்த பிரதிகளில் வரும் இசைக்கு வாழ்நாள் உரிமை கேட்பது அழகில்லை, தேவையும் இல்லை. ஆனால் உங்களிடம் என்ன இருக்கிறது என்பது தெளிவாக இருக்கட்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள், எல்லாம் இசைஞர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு எதுவும் இல்லை என்ற கருத்தில் ஒரு தாள் எழுதிவைத்திருந்தது. 1992-இல் கடன் கழுத்தை நெரித்து, லண்டன் ரெக்கார்ட்ஸ் அதை வாங்கப் பேசியபோது, விற்பதற்குப் பதிவுகளின் உரிமையே இல்லை என்று தெரியவந்தது.

தாளில் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எந்த வடிவங்கள் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால் சட்டம் தானே நிரப்பும்: இந்தியாவில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். எந்தச் செலவு கழியும், ஆண்டுக்கு எத்தனை முறை கணக்கு, காலம் முடிந்தபின் மீதிப் பிரதிகளை விற்க எத்தனை மாதம், லேபிளை மூடினால் உரிமம் அன்றே முடிகிறதா என்பதும் வேண்டும். பின்பக்கத்தில் ஒரு பட்டியல்: ஒவ்வொரு டிராக்கிலும் யார் வாசித்தது, யாருக்கு எவ்வளவு பங்கு, வெளியிலிருந்து எடுத்த ஒலி எது. அது உண்மை என்று கலைஞர் கையெழுத்து. ஐஎஸ்ஆர்சி எண் வாங்கிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். அது பதிவை அடையாளம் காட்டும் எண், உரிமைச் சான்று இல்லை.

ஏற்கெனவே வெளியிட்ட மற்ற ஆல்பங்களும் இதே இரண்டு வரி மின்னஞ்சலில்தான் நிற்கின்றன என்று நினைக்கிறேன். அந்தக் கலைஞர்களுக்கும் இந்தத் தாளை, அவரவர் கணக்கோடு சேர்த்து, இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.