மஸ்டாங்கின் அடிப்பக்கத்துக்கு என்ன பூசுவது?

கேள்வி: 1969 ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை முழுசாகப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். அடியில் இருந்த பழைய தார்ப் பூச்சில் பாதியைச் சுரண்டியாகிவிட்டது. எப்போதாவது கண்காட்சிக்குப் போகலாம், மற்றபடி மழையிலும் ஓட்டுவேன். பெட்லைனர் (பிக்கப் வண்டியின் சரக்குத் தட்டில் அடிக்கிற தடித்த பூச்சு) பூசு என்கிறார் ஒருவர், பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூளையில் சுடுகிற பூச்சு) என்கிறார் இன்னொருவர், மறுபடியும் ரப்பர் அண்டர்கோட்டிங்கே போதும் என்கிறார் மூன்றாமவர். எதைத்தான் செய்வது?

பதில்: மழையில் ஓட்டுவேன் என்கிறீர்கள், அதனால் தரைத் தகட்டைப் பொறுத்தவரை மூன்றையும் தள்ளிவையுங்கள். வெறும் தகட்டில் எபாக்ஸி பிரைமர் (தகட்டில் இறுகப் பிடிக்கிற அடிப்பூச்சு), அதன்மேல் தகடுகளின் இணைப்புகளில் இடைவெளியை அடைக்கிற சீம் சீலர், கடைசியாக அதிகம் பளபளக்காத சாட்டின் யூரித்தேன் பெயின்ட். மெல்லியதாக, கெட்டியாக இருக்கும், கழுவலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், எங்காவது துரு கிளம்பினால் அன்றைக்கே கண்ணில் படும்.

தடித்த பூச்சுகளிடம் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணமும் இதுதான். நீங்கள் இன்னும் சுரண்டாத பாதியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகக் கேட்கிற இடத்தில் பட்டிக் கத்தியை நுழைத்தால் தார் ஏடு ஏடாகக் கழன்று வரும், பின்னாலேயே துருப்பொடி கொட்டும். ஓரத்தில் ஒரு விரிசல் விட்டால் போதும், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, மேலே பார்த்தால் கறுப்பாக அம்சமாகவே இருக்கும். சுரண்டும்போது ஈரப்படுத்திக்கொள்ளுங்கள், பழைய பூச்சுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால், தரைத் தகடு நெளிந்துவிடலாம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்லைனர் நன்றாகவே ஒட்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். கல் தெறிக்கும் சக்கர வளைவுகளுக்குள் எபாக்ஸி மேல் அடித்துக்கொள்ளுங்கள். தரை முழுக்க அடித்தால் பின்னால் ஒரு ஒட்டு வெல்டிங் செய்யவேண்டி வரும்போது அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். பவுடர் கோட்டிங்கைச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். செவர்லே செவெல் (Chevelle) மாதிரி தனிச் சட்டம் உள்ள வண்டி என்றால் சட்டத்தைக் கழற்றிக் கொடுக்கலாம், மஸ்டாங்குக்கு உடலே சட்டம், எனவே கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கிற கை) போன்ற கழற்றக்கூடிய பாகங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி நிறம். கறுப்பு அடிக்க அவசரப்படாதீர்கள், ஏனென்றால் அந்தக் காலத்து மஸ்டாங்குகள் பலவற்றின் அடியில் செம்பழுப்பு பிரைமர்தான் இருந்தது, சிலவற்றில் மிஞ்சிய பெயின்ட்களைக் கலந்த சாம்பல் மாதிரி ஒரு நிறம், ஓரங்களில் மட்டும் உடல் நிறம் தெறித்திருக்கும். இது தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்ணில் (VIN, நம்பர் பிளேட் எண் அல்ல) இரண்டாவது இடத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: எஃப் (F) என்றால் டியர்பார்ன், ஆர் (R) என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். அப்புறம் போல்ட் போட்ட ஒரு பிராக்கெட்டைக் கழற்றினால் அதன் அடியில் அசல் நிறம் அப்படியே ஒளிந்திருக்கும், மீதியைச் சுரண்டுவதற்கு முன் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். யூரித்தேனை அதே நிறத்தில் கலக்கச் சொல்லிவிட்டால் கண்காட்சிக்கும் ஆச்சு, மழைக்கும் ஆச்சு. செம்பழுப்பில் துரு சட்டென்று தெரியாதுதான், ஆனாலும் அது அந்த வண்டியின் சொந்த நிறம், நானாக இருந்தால் அதைத்தான் அடிப்பேன்.

எபாக்ஸி அடித்தபின் எத்தனை நேரத்துக்குள் அடுத்த பூச்சு போடலாம் என்பது டப்பாவுக்கு டப்பா வேறுபடும், அந்த நேரம் தாண்டிவிட்டால் மறுபடி உப்புத்தாள் தேய்க்காமல் அடிக்காதீர்கள். யூரித்தேனோடு கலக்கிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் ஆபத்தான வேதிப்பொருள் இருக்கிறது, சாதாரண முகமூடியை நம்பவே வேண்டாம், வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடிதான் வேண்டும். இதில் மட்டும் சமரசம் கூடாது. பெயின்ட் காய்ந்தபின் பெட்டி மாதிரி மூடிய பாகங்களுக்குள் கேவிட்டி வாக்ஸ் (உள்பக்கம் துருப்பிடிக்காமல் காக்கும் மெழுகு) பீய்ச்சுங்கள், தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இந்த மஸ்டாங்குகளில் முன்பக்கக் கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் கவுல் பகுதி அரித்துப்போய், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் தரையை மேலிருந்தே தின்றுவிடும். அடியில் எதைப் பூசினாலும் அதற்கு மருந்தாகாது. ஆகவே பிரைமரைத் திறப்பதற்கு முன் அங்கே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உள்ளே ஒரு சொட்டு வந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் அடிப்பக்கத்துக்குப் போங்கள்.