ஈஸ்டர் பேச்சுல எந்த ஆதாரம் நிக்கும், எது நிக்காது?

கேள்வி: அண்ணே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தமிழ் சபையில யூத் லீடரா இருக்கேன். "இயேசு உயிர்த்தெழுந்ததுக்கு ஆதாரம்"னு அரை மணி நேரம் பேச சொல்லிட்டாரு பாஸ்டர். நெட்ல ஒரு ஸ்லைடு செட் எடுத்தேன், அதுல இயேசு உடம்பை சுத்துனதுன்னு சொல்ற டூரின் துணி, உயிர்த்தெழுந்த இயேசுவை பாத்த 500 சாட்சி, எல்லா அப்போஸ்தலரும் ரத்த சாட்சியா செத்தது, காலி கல்லறை, "கோர்ட்லயே நிரூபிக்கலாம்"னு ஒரு ஸ்லைடு, இதெல்லாம் இருக்கு. எங்க பசங்க பாதி பேரு காலேஜ், நான் பேசிட்டு இருக்கும்போதே கூகுள் பண்ணி பாப்பாங்க. எதை தைரியமா சொல்லலாம்?

பதில்: தம்பி, முதல்ல டூரின் துணியை தூக்கிடுங்க. 1988ல ஆக்ஸ்போர்ட், சூரிக், அரிசோனா மூணு இடத்து லேப்ல கார்பன் டேட்டிங் பண்ணி, 1260லேருந்து 1390க்குள்ள உள்ள துணின்னு ரிசல்ட் வந்துச்சு. சாம்பிள் வெட்டுன இடமே சரியில்லன்னு அதுக்கு மறுப்பும் உண்டு, இன்னைக்கு வரைக்கும் அந்த சண்டை ஓயல, நீங்க அதுல இறங்குனா உங்க அரை மணி நேரமும் துணியோடயே போயிடும்.

கோர்ட் ஸ்லைடும் வேணாம். கோர்ட்ல சாட்சியை கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்ணுவாங்க, இங்க யாரை ஏத்துவீங்க? லா படிக்கிற ஒரு பையன் உக்காந்திருந்தா போதும், முதல் கேள்வியே அதான்.

உங்ககிட்ட இருக்க வேண்டிய கனமான சரக்கு நீங்க அனுப்பின லிஸ்ட்ல இல்லவே இல்ல, அது ஏன்னு எனக்கு புரியல. 1 கொரிந்தியர் 15, மூணாவது வசனத்துலேருந்து எட்டு வரைக்கும். பவுல் அந்த கடிதத்தை எபேசுல இருந்து எழுதுறாரு, கி.பி. 54 வாக்குல. மாற்கு சுவிசேஷம் 70 வாக்குல, மத்தேயுவும் லூக்காவும் 80கள்ல, யோவான் 90கள்ல வந்ததுன்னு பெரும்பாலான அறிஞருங்க சொல்றாங்க, அப்போ இந்த கடிதம் நாலுக்கும் மூத்தது. அதுல பவுல் "நான் கேட்டு வாங்கினதைத்தான் உங்களுக்கும் கொடுத்தேன்"ங்கற மாதிரி ஆரம்பிச்சு, கிறிஸ்து செத்தாரு, அடக்கம் பண்ணாங்க, மூணாம் நாள் எழுந்தாரு, கேபாவுக்கு, அதான் பேதுருவுக்கு, காட்சி கொடுத்தாரு, பன்னிரண்டு பேருக்கு காட்சி கொடுத்தாருன்னு மனப்பாடம் பண்ண தோதா அடுக்கிட்டே போறாரு. இது அவரு சொந்தமா எழுதின வரியில்ல, அவருக்கு முன்னாடியே சபையில சொல்லிட்டு வந்த அறிக்கைன்னு விசுவாசிகளும் ஒத்துக்கறாங்க, விசுவாசமே இல்லாத அறிஞரும் ஒத்துக்கறாங்க. ஜெர்மனியில கெர்ட் லூடெமன்னு ஒரு புதிய ஏற்பாட்டு பேராசிரியர், நான் இனிமே கிறிஸ்தவன் இல்லன்னு வெளிப்படையா சொன்னவரு, அவரே இந்த அறிக்கை சிலுவைக்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள உருவானதுன்னு தான் கணக்கு போடுறாரு. சிலுவை நடந்தது கி.பி. 30 இல்லாட்டி 33.

இதோட கலாத்தியர் 1:18 சேத்து வாசிங்க. பவுல் எருசலேமுக்கு போயி கேபாவோட 15 நாள் தங்குறாரு, இயேசுவோட சகோதரன் யாக்கோபையும் பாக்குறாரு. அதாவது அந்த லிஸ்ட்ல பேரு போட்ட ரெண்டு பேரை இவருக்கு நேர்ல தெரியும். பழைய காலத்து வரலாறு படிக்கிறவங்களுக்கு இப்படி ஒரு துண்டு கிடைக்கிறது சாதாரணம் இல்ல. நூறு வருஷம் கழிச்சு யாரோ ஜோடிச்ச கதைன்னு உங்க பசங்க யாராச்சும் யூடியூப் பாத்துட்டு வந்து சொன்னா இதைத்தான் எடுத்து வைக்கணும்.

ஆனா இது எதை காட்டலங்கறதையும் நீங்களே சொல்லிடுங்க, அவங்க கண்டுபிடிச்சு சொல்றதை விட அது நல்லது. பாத்தோம்னு அவங்க சொன்னாங்க, அதை நம்புனாங்க, ரொம்ப சீக்கிரமே நம்புனாங்க, இவ்ளோதான் இதுல உறுதி. எதை பாத்தாங்கங்கறது வேற கேள்வி. பவுல் தனக்கு இயேசு காட்சி கொடுத்ததையும் அதே லிஸ்ட்ல கடைசியா சேத்துக்கறாரு, அப்போஸ்தலர் நடபடிகள் பாத்தா அது ஒரு வெளிச்சமும் ஒரு குரலும், லூக்கா 24ல வர்ற மாதிரி மீன் துண்டை வாங்கி சாப்பிட்ட உடம்பு இல்ல. காலி கல்லறைன்னும் பவுல் தனியா எழுதல. அடக்கம் பண்ணாங்க எழுந்தாருன்னாலே கல்லறை காலின்னுதான் அர்த்தம்னு ஒரு தரப்பு, இல்ல அது பிறகு வந்த கதைன்னு இன்னொரு தரப்பு.

500 சாட்சிக்கு வருவோம். எல்லாருக்கும் பிடிச்ச ஸ்லைடு இதுதான், ஆனா பிடிமானம் கம்மி. அந்த 500 பேரு அதே அத்தியாயம் ஆறாவது வசனத்துல மட்டும்தான் வர்றாங்க, நாலு சுவிசேஷத்துலயும் இல்ல, பேரு இல்ல, ஊரு இல்ல. 500 சாட்சின்னு நாம சொல்றோம், கையில இருக்கறது 500 பேரு பாத்தாங்கன்னு சொல்ற ஒரே சாட்சி. பெரும்பாலானவங்க இன்னும் உயிரோட இருக்காங்கன்னு பவுல் எழுதுறது கவனிக்க வேண்டியதுதான், இருந்தாலும் கொரிந்துல உள்ளவன் கப்பல் ஏறி போயி யாரை தேடி விசாரிப்பான்? லிஸ்ட்ல ஒரு வரின்னு சொல்லிட்டு நகந்துடுங்க.

அப்போஸ்தலர் எல்லாரும் ரத்த சாட்சிங்கறது இன்னும் சிக்கல். செபெதேயுவோட மகன் யாக்கோபை ஏரோது வெட்டுனது நடபடிகள் 12ல இருக்கு. இயேசுவோட சகோதரன் யாக்கோபை கி.பி. 62ல கல்லெறிஞ்சு கொன்னதை யூத வரலாற்று ஆசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்காரு, கிறிஸ்தவர் இல்லாத ஒருத்தர் எழுதினதுங்கறதால அதுக்கு தனி மதிப்பு. பேதுரு, பவுல் ரெண்டு பேருக்கும் பழைய ஆதாரம் பரவால்ல. மத்தவங்களுக்கு எல்லாம் ரொம்ப பிந்தின மரபுதான். இங்க நம்ம ஆளுங்க உடனே தோமாவை இழுப்பாங்க, சென்னைக்கு போனப்ப பரங்கிமலை ஏறினேன், சாந்தோம்ல கல்லறையை பாத்தேன்னு ஏதாச்சும் ஒரு ஆன்ட்டி கண்டிப்பா சொல்லுவாங்க லா. தோமா இந்தியாவுக்கு போயி அங்க கொல்லப்பட்டாருங்கற கதை மூணாம் நூற்றாண்டு சிரியா பக்கத்து எழுத்துலேயே இருக்கு, கேரளத்து கிறிஸ்தவங்களோட மரபும் பழசு, அதை கேலி பண்ண வேணாம், ஆனா யாக்கோபு சாவை சொல்ற அதே உறுதியோட சொல்லவும் முடியாது. அதனால ஸ்லைடுல "எல்லாரும்"ங்கறதை அடிச்சிட்டு பேதுரு, பவுல், ரெண்டு யாக்கோபுன்னு நாலு பேரை போடுங்க. உயிரை கொடுத்தது அவங்க ஏமாத்துக்காரங்க இல்லன்னு காட்டும். அவங்க நம்புனது நடந்ததுன்னு அது மட்டும் வச்சு சொல்ல முடியாது, எல்லா மதத்துலயும் உயிரை கொடுத்தவங்க இருக்காங்க.

நாலு பேர்ல அந்த சகோதரன் யாக்கோபு மேல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, எனக்கு கேட்டா உங்க பேச்சுல உயிரான இடம் அதுதான். மாற்கு 3:21ல இயேசுவுக்கு புத்தி பேதலிச்சு போச்சுன்னு குடும்பமே பிடிக்க வருது, யோவான் 7:5ல அவரோட சகோதரருங்களே நம்பலன்னு இருக்கு. அப்படிப்பட்ட தம்பி பிறகு எருசலேம் சபைக்கே தலைவரா இருக்காரு, நடுவுல என்னமோ நடந்திருக்கு.

காலி கல்லறைக்கு ரெண்டு பக்கமும் பேச்சு இருக்கு. சிலுவையில செத்தவங்களை ரோமருங்க அப்படியே விட்டுடுவாங்க, இயேசுவுக்கு கல்லறையே கிடைச்சிருக்காதுன்னு ஜான் டொமினிக் கிராஸன், பார்ட் எர்மன் மாதிரி அறிஞருங்க சொல்றாங்க. ஆனா யூதர்கள் சிலுவையில செத்தவங்களையும் பொழுது சாயறதுக்குள்ள இறக்கி புதைப்பாங்கன்னு ஜோசிபஸ் எழுதறாரு, 1968ல எருசலேம் பக்கத்துல கிவாத் ஹமிவ்தார்ங்கற இடத்துல ஒரு எலும்புப்பெட்டி கிடைச்சுது, உள்ள குதிகால் எலும்புல ஆணி இன்னும் குத்தியபடி. சிலுவையில செத்த ஒருத்தருக்காவது முறைப்படி அடக்கம் நடந்திருக்குன்னு அதுல தெரியுது. பெண்கள் முதல் சாட்சிங்கற பாயிண்ட்டும் நல்லதுதான், பெண்கள் சாட்சியை ஏத்துக்க வேணாம்னு நெனச்ச காலத்துல கதை கட்டுறவன் மகதலேனா மரியாளை போயி முன்னாடி நிறுத்துவானா? ஆனா கல்லறைக்கு போறது பெண்கள் வழக்கமா செய்யற வேலைதான், கதையில அவங்க வர்றது இயல்புதானேன்னு எதிர்தரப்பு கேக்கும், அதுவும் நியாயமான கேள்வி.

கண்டிப்பா ஒருத்தன் கேப்பான், நாலு சுவிசேஷமும் ஒத்து போகலையேன்னு. கல்லறையில பெண்கள் பாத்தது மாற்குல ஒரு வாலிபன், மத்தேயுல ஒரு தூதன், லூக்கால ரெண்டு பேரு. மத்தேயுல கலிலேயாவுக்கு போக சொல்றாங்க, லூக்கால இயேசு எருசலேம் நகரத்துலயே இருக்க சொல்றாரு. எல்லாத்தையும் ஒட்டு போட்டு ஒரே கதையா ஆக்கி காட்டாதீங்க, ஒட்டு தெரியும். நம்ம குடும்பங்கள்ல ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதை போடுற வேலைக்கு பிடிச்சிட்டு போன தாத்தா கதையை நாலு மாமா நாலு விதமா சொல்லுவாங்க, எந்த தோட்டத்துலேருந்து பிடிச்சாங்க, எத்தன பேரு திரும்புனாங்கன்னு எல்லாம் மாறும், போனதுல மட்டும் சந்தேகம் இருக்காது. இதை உதாரணமா சொல்லலாம், ஆனா ரயில் பாதை போட்டது அற்புதம் இல்லையேன்னு எவனாச்சும் கேட்டா ஒத்துக்குங்க, அவன் சொல்றது சரி. அப்புறம் மாற்கு 16:9லேருந்து 20 வரைக்கும் ஆதாரமா காட்டாதீங்க. நாலாம் நூற்றாண்டு கைப்பிரதிகளான சினாய், வத்திக்கான் ரெண்டுலயும் மாற்கு எட்டாவது வசனத்தோட, பெண்கள் பயந்து ஓடுனதோட முடிஞ்சிடுது. போன்ல என்ஐவிங்கற இங்கிலீஷ் பைபிள் வச்சிருக்கற பசங்களுக்கு, பழைய கைப்பிரதியில இந்த வசனங்க இல்லங்கற குறிப்பு அங்கயே தெரியும்.

அப்போ என்னதான் நடந்துச்சு? துக்கத்துல பேதுருவுக்கும், குற்ற உணர்ச்சியில பவுலுக்கும் வந்த தரிசனம்னு லூடெமன் சொல்றாரு. செத்து போனவங்களை சொந்தக்காரங்க பாக்குறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான், எட்டு நாள், பதினாறு நாள் காரியத்துக்குள்ள அப்பா வந்து நின்னாருன்னு சொல்லாத வீடு நம்மள்ல ஏது. இங்கிலாந்து புதிய ஏற்பாட்டு அறிஞர் என்.டி. ரைட் சொல்ற பதில் வேற: அப்படி பாத்த யூதன் அவரு ஆவி வந்துச்சுன்னுதான் சொல்லியிருப்பான், உயிர்த்தெழுதல்னா கடைசி நாள்ல எல்லாருக்கும் சேர்ந்து நடக்கறதுன்னு தானியேல் 12 படிச்சவன் நம்புனான், நடுவுல ஒரே ஒருத்தரு மட்டும் எழுந்துட்டாருன்னு சொல்ல அவனுக்கு காரணமே இல்ல, அதனால கல்லறையும் காலியா இருந்திருக்கணும்ங்கறாரு. டேல் அல்லிசன்னு ஒரு அமெரிக்க அறிஞர், விசுவாசிதான், ஆனா இந்த ஆதாரம் நம்பாதவனை கட்டாயப்படுத்தற அளவுக்கு இல்லன்னு சொல்றாரு. நானும் அந்த பக்கம்தான் தம்பி. அற்புதத்துக்கு எதிரா தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748ல எழுதின வாதம், இயற்கை விதி மீறுச்சுங்கறதை விட சாட்சி தப்புங்கறதுக்குத்தான் எப்பவும் வாய்ப்பு ஜாஸ்தின்னு. கடவுள் இல்லன்னு ஆரம்பிக்கிறவனுக்கு அது முடிஞ்ச கணக்கு, இருக்காருன்னு ஆரம்பிக்கிறவனுக்கு இல்ல. பின்காஸ் லாபிடேன்னு ஒரு யூத அறிஞர், இயேசு உயிர்த்தெழுந்தது நடந்த சம்பவம்தான்னு எழுதிட்டு, மேசியான்னு ஏத்துக்காம கடைசி வரைக்கும் யூதராவே இருந்தாரு. ஆதாரம் ஒரு இடம் வரைக்கும்தான் கூட்டிட்டு போகும்ங்கறதுக்கு இவரை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது, ஒரு ஸ்லைடு இவருக்கு குடுங்க. அதனால தலைப்புல "நிரூபணம்"னு எங்கயாச்சும் இருந்தா மாத்திடுங்க.

ரெண்டு விஷயம் பாக்கி. இந்து சொந்தக்காரங்க கூட வர்ற கூட்டம்னா இது மறுபிறவி இல்லன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, இயேசு எழுப்பின லாசரு எழுந்த மாதிரியும் இல்ல, லாசரு மறுபடி சாகத்தான் வேணும், இது திரும்ப சாவே இல்லாத புது உடம்புங்கற நம்பிக்கை. ஆபீஸ்ல மலாய் நண்பருங்க கேட்டா என்ன சொல்றதுன்னு பசங்க கேக்கலாம். இயேசு சிலுவையிலயே சாகலன்னு குர்ஆன் 4:157 சொல்லுதுன்னு பெரும்பாலான முஸ்லிம்கள் புரிஞ்சிக்கறாங்க, ரோம ஆசிரியர் தாசித்துஸ் பிலாத்து காலத்துல அவரை கொன்னாங்கன்னு எழுதியிருக்காரு, இந்த வித்தியாசத்தை தெரிஞ்சி வச்சுக்கறது வரைக்கும் போதும். முஸ்லிம்கள்கிட்ட வேற மதத்தை பரப்பறதை சட்டம் போட்டு தடுக்கலாம்னு நம்ம மலேசிய அரசியலமைப்பு 11(4) சொல்லுது, அதனால ஆபீஸ் கேன்டீன்ல டிபேட் எல்லாம் வேணாம், பசங்ககிட்ட இதை தெளிவா சொல்லிடுங்க. பெரிய வெள்ளி சபா சரவாக்ல மட்டும்தான் லீவு, கேஎல்ல எல்லாரும் வேலை முடிஞ்சு ஜாம்ல மாட்டி பசியோட வருவாங்க, அன்னைக்கு ராத்திரி இந்த பேச்சை வைக்காதீங்க, சனிக்கிழமை சாயங்காலம் வைங்க, பேச்சு 20 நிமிஷம், கேள்விக்கு அதே அளவு நேரம்.